மும்பையிலிருந்து நண்பர்களோடு கடற்கரைக்கு: திதி பார்த்துப் போகும் இரண்டு நாள் பயணம் - முழுமையான வழிகாட்டி

ஊரை விட்டு வந்து மும்பையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது கடல் ஞாபகம் வந்து படுத்தும். ஜூஹுவும் கிர்காவ் சௌபாட்டியும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கூட்டத்துக்கு நடுவே காலை நனைத்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்துத் திரும்பினால் கடலுக்குப் போன நிறைவே இருக்காது. ஒரு ராத்திரியாவது அலைச்சத்தத்தைக் கேட்டபடி தூங்க வேண்டும். காலையில் எழுந்து வெறுங்காலோடு ஈர மணலில் நடக்க வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளில் இது முடியும். கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாக் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே காஷித், முருட் என்று கரை நீண்டுகொண்டே போகிறது.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். செம்பூரில் குடியிருந்துகொண்டு இந்தக் கரைக்கு ஆறு முறை நண்பர்களோடு போயிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். வேலை தேடி வந்த தம்பிகள், தங்கைகள் யாரும் முதல் பயணத்தில் நாங்கள் பட்ட பயத்தைப் படக்கூடாது என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை: நாள் குறிப்பது

எல்லோரும் முதலில் லீவு கிடைக்குமா என்று பார்ப்பார்கள், அப்புறம் ரூம் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது திதி. நல்ல நாள் பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்பது திதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நம் ஊர்க் கடலில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசாக இருக்கும். தூத்துக்குடியிலும் சென்னையிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கரையில் நிற்பவருக்கு அது பெரிதாகக் கண்ணில் படாது. மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்ற நாட்களில் அந்த வித்தியாசம் நாலரை மீட்டரைத் தாண்டும். ஒரு மாடி வீட்டின் உயரத்தைவிட அதிகம். இந்தப் பக்கம் கடலடித் தளம் மிக அகலமாக, ஆழம் குறைந்து கிடக்கிறது. வடக்கே காம்பாத் வளைகுடா புனல் மாதிரி குறுகிப் போகிறது. அதனால் வரும் தண்ணீர் மேலே மேலே எழும்புகிறது. காலையில் கிரிக்கெட் ஆடிய மணல் மதியம் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் இருக்கும்.

முதல் முறை போனபோது எங்களுக்கு இது தெரியாது. ஆறு பேர் போயிருந்தோம். அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் கொலாபா கோட்டை நிற்கிறது. வற்றத்தின்போது அதற்கு நடந்தே போகலாம். மதியம் இரண்டு மணிவாக்கில் முழங்கால் தண்ணீரில் சிரித்துப் பேசிக்கொண்டே நடந்து போனோம். உள்ளே சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, நிழலில் உட்கார்ந்து பேசி வெளியே வரும்போது மணி நாலரை. வந்த வழியைக் காணோம். கரைவரைக்கும் தண்ணீர். கடைசியாகப் போய்க்கொண்டிருந்த குதிரை வண்டிக்காரர் எங்களைப் பார்த்து, “ஓஹோட்டி கேலி, பர்த்தி ஆலி!” என்று கத்தினார். ஓஹோட்டி என்றால் வற்றம், பர்த்தி என்றால் ஏற்றம். அவர் வண்டியில் நான்கு பேரை ஏற்றி அனுப்பிவிட்டு, நானும் தென்காசித் தம்பி ஒருவனும் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். தண்ணீர் தொடைக்கு மேல் வந்துவிட்டது. தம்பிக்கு நீச்சல் தெரியாது. “அண்ணே, கையை விட்டுராதீங்க” என்று அவன் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரி நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவர், காகா என்றுதான் கூப்பிட்டோம், வாசலில் உட்கார்ந்து விரல்கணுவை எண்ணிக் காட்டி ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கொங்கணக் கரையில் மீன்பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கணக்கு அது. திதி எண்ணை மூன்றால் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். வருவதுதான் ஏற்றம் உச்சத்துக்கு வரும் மணி. பிரதமை 1, துவிதியை 2 என்று எண்ணி அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் 15. வளர்பிறையா தேய்பிறையா என்று பார்க்க வேண்டாம், இரண்டுக்கும் ஒரே கணக்குதான்.

சஷ்டி என்று வையுங்கள். ஆறு மூன்று பதினெட்டு, நான்கால் வகுத்தால் நாலரை. அன்று விடியற்காலை நாலரைக்கும் சாயங்காலம் ஐந்தை ஒட்டியும் ஏற்றம். இரண்டுக்கும் நடுவே, அதாவது ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் தள்ளி, காலை பத்தே முக்காலை ஒட்டி வற்றம். சதுர்த்தி என்றால் ஏற்றம் மூன்று மணி, வற்றம் காலை ஒன்பதேகால். பௌர்ணமி, அமாவாசைக்குப் பதினொன்றேகால், அதாவது நடுப்பகலை ஒட்டிக் கடல் நிறைந்து நிற்கும். நாங்கள் மாட்டிக்கொண்ட நாள் தசமி. ஏழரைக்கு ஏற்றம், ஒன்றே முக்காலுக்கு வற்றம். நாலரை மணிக்கு நாங்கள் வெளியே வந்தபோது கடல் ஏறத் தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கணக்கு அப்படியே பொருந்தியதைக் கேட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

இந்தக் கணக்கு அரை மணி முன்பின் போகும். நாள் குறிப்பதற்கு இது போதும். தண்ணீரில் இறங்குவதற்கு முன் அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைப் போனில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மும்பைக்குச் சொல்லும் நேரமே அலிபாக்குக்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை எடுங்கள். மாட்டுங்காவில் தமிழ்க் காலண்டர் கிடைக்கும். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களிடம் காலநிர்ணய் இருக்கும், அதிலும் திதி போட்டிருக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை திருதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி இந்த நான்கில் ஏதாவது ஒன்று எந்தச் சனிக்கிழமையில் வருகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். நாலைந்து வட்டம் விழும். அந்த நாட்களில் வற்றம் காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் வரும். முதல் படகைப் பிடித்துப் போனால் கோட்டைக்கு நடக்க நேரம் சரியாக இருக்கும். இதில் சதுர்த்தியும் பஞ்சமியும் மிக நல்லவை. சஷ்டி ஆகும்போது கடல் அவ்வளவு தூரம் உள்வாங்காது, முழங்கால் தண்ணீர் நிற்கலாம். அஷ்டமிக்கு இன்னும் மோசம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகவே வேண்டாம். மழைக்காலத்தில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து போகும் படகுகள் நின்றுவிடும், முருட்டைத் தாண்டிக் கடலுக்குள் இருக்கும் ஜஞ்சிரா கோட்டையையும் மூடிவிடுவார்கள். கடல் முரட்டுத்தனமாக இருக்கும். மார்ச்சுக்குமேல் வெயில். டிசம்பர் கடைசி வாரம் கூட்டமும் வாடகையும் தாங்காது.

ஆட்களும் பணமும்

ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. ஒரு பெரிய வண்டியில் அடங்கலாம், இரண்டு ரூமில் அடங்கலாம். எட்டுக்குமேல் போனால் சாப்பாட்டுக்கு உட்காரவே அரை மணி ஆகிறது. கிளம்புவதற்கு முன் மூன்று கேள்விகளை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நீச்சல் தெரியுமா? மீன் சாப்பிடுவாயா? எவ்வளவு செலவு செய்ய முடியும்? கடைசிக் கேள்வியைக் குழுவில் வைத்துக் கேட்காதீர்கள். ஒரே ஊர்க்காரர்களாக இருந்தாலும் ஒருவன் வங்கியில் வேலை பார்ப்பான், இன்னொருவன் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியில் மாதத்தை ஓட்டுவான். எல்லோர் முன்னாலும் கேட்டால் அவன் தலையை ஆட்டிவிடுவான், பிறகு அடுத்த மாதம் முழுக்கக் கஷ்டப்படுவான். குறைவாகச் சொன்னவர் தொகையை வைத்துத் திட்டம் போடுங்கள். கடல் எல்லோருக்கும் ஒன்றுதான், ரூமில் ஏசி இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பணத்தை முன்கூட்டியே ஒரே ஆளிடம் சேருங்கள். நாங்கள் கடைசியாகப் போனபோது ஆளுக்கு 4,000 ரூபாய் போட்டோம். படகு, வண்டி, ரூம், சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். மீதி வந்ததைத் திரும்பும் படகிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு டீக்கும் ஒருவர் கொடுத்து அப்புறம் கணக்குப் பார்க்கும் முறையில் யாராவது ஒருவர் மனசு கசந்துதான் வருவார். பணம் வைத்திருப்பவர் ஒரு மூன்றில் ஒரு பங்கையாவது ரொக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும். காஷித், ஜஞ்சிராவுக்குப் படகு ஏறும் ராஜ்புரி பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும். படகுக்காரரும் இளநீர்க்காரரும் போனில் பணம் ஏறும்வரை காத்திருக்க முடியாது.

பெண்கள் மட்டும் போகும் குழு, ஆணும் பெண்ணும் சேர்ந்து போகும் குழு எதுவாக இருந்தாலும், தங்கும் வீட்டுக்குப் போன் செய்து யார் யார் வருகிறோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள். ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவுக்கும் எங்கே தங்குகிறோம் என்ற முகவரி போகட்டும். கடலுக்கு என்று சொன்னால் பயப்படுவார்கள்தான். சொல்லாமல் போய் அந்த நேரம் பார்த்துப் போன் கிடைக்காமல் போனால் அதைவிட அதிகம் பயப்படுவார்கள்.

போகும் வழி

மூன்று வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் படகு. ஒரு மணி நேரத்துக்குள் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். மாண்ட்வாவில் இறங்கினால் அலிபாக்குக்கு பஸ் நிற்கும். பல படகு நிறுவனங்களின் டிக்கெட்டில் அந்த பஸ் கட்டணமும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் படகை விட்டு இறங்கியதும் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள், பஸ்ஸில் கேட்பார்கள். பஸ் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்.

இரண்டாவது, பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் ரோ-ரோ. காரையும் பைக்கையும் கப்பலுக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போகலாம். 2020ல் தொடங்கியது. செம்பூர், கோவண்டி பக்கம் இருப்பவர்கள் ஹார்பர் லைனில் டாக்யார்ட் ரோடு இறங்கினால் பக்கம். கடல் பயணம் வயிற்றைப் பிரட்டும் என்பவர்களுக்கு இது நல்லது, கப்பல் பெரிது, ஆட்டம் குறைவு. வண்டி கொண்டுபோவதாக இருந்தால் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது ரோடு. பன்வேல், பென், வட்கல் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். 2024 ஜனவரியில் அடல் சேது திறந்தபின் சிவ்ரியிலிருந்து அந்தப் பக்கம் ஏறுவது சுலபமாகிவிட்டது. ஆனால் வட்கல் பக்கம் சனிக்கிழமை காலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வற்றத்துக்கு முன் போய்ச் சேர வேண்டிய நாளில் இந்த வழியை நம்ப வேண்டாம்.

படகில் போனால் முதல் படகுக்கே போங்கள், காலை ஆறு மணியை ஒட்டிக் கிளம்பும். மேல்தட்டுக்குக் கொஞ்சம் அதிகம் கேட்பார்கள், கொடுக்கலாம். கேட்வே பின்னால் சிறிதாகிக்கொண்டே போகும். குளிர்காலத்தில் கடற்காக்கைகள் படகின் கூடவே பறந்து வரும், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும். வேகமாகப் போகும் படகின் வேகத்துக்குச் சரியாக, இறக்கையை அசைக்காமலேயே காற்றில் நிற்கும். கண்ணை மட்டும் திருப்பி நம்மைப் பார்க்கும். பாக்கெட் நொறுக்குகளை அவற்றுக்குப் போடாதீர்கள். உப்பும் எண்ணெயும் அந்தப் பறவைக்கு ஆகாது.

தங்கும் இடம்

அலிபாக் டவுனுக்குள் லாட்ஜில் தங்குவதைவிடத் தெற்கே அக்ஷி, நாகாவ், ரேவ்தண்டா பக்கம் ஒரு வாடியில் தங்குங்கள். வாடி என்றால் தென்னையும் பாக்கும் நிற்கும் தோப்பு. தோப்புக்கு நடுவே வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று ரூம் கட்டி வாடகைக்கு விடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும், பாக்குமரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். நம் ஊர்த் தோட்டத்துக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும். கடல் ஐந்து பத்து நிமிஷ நடையில். போன் செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: கடலுக்கு எத்தனை நிமிஷ நடை, சாப்பாடு வீட்டிலேயே சமைப்பீர்களா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு. அக்ஷியில் தங்கினால் அங்கே உள்ள கல்வெட்டைப் பார்த்துவிடுங்கள். மராத்தி மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளில் அது ஒன்று.

பையில் அதிகம் வேண்டாம். மணலிலும் பாறையிலும் நடக்க வார் வைத்த செருப்பு, தண்ணீருக்குள் கழன்றுபோகாதது. சீக்கிரம் காயும் உடுப்பு இரண்டு செட், ஒரு துண்டு, தொப்பி. போனைப் போட்டு இறுக்கி மூடும் பிளாஸ்டிக் உறை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து. சிப்பி காலைக் கீறும், அதற்குப் பஞ்சும் மருந்தும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கடலில் இறங்காதீர்கள். நனைந்தால் காலில் கல்லைக் கட்டியது போலாகிவிடும்.

சனிக்கிழமை: கோட்டைக்கு நடை

அலிபாக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மிசலோ போஹாவோ சாப்பிட்டுவிட்டுக் கரைக்கு நடங்கள். வழியில் காந்தவியல் ஆய்வகம் இருக்கிறது. மும்பைக் கொலாபாவில் பூமியின் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தவர்கள், நகரத்தில் மின்சார டிராம் வரப் போகிறது, அளவீடு கெட்டுவிடும் என்று 1904ல் இங்கே மாற்றினார்கள்.

கரை மணல் சாம்பல் நிறமாக, இறுகிப்போய் இருக்கும். எதிரே கோட்டை. சிவாஜி 1680ல் தொடங்கியதை அவர் மகன் சம்பாஜி முடித்தார். பின்னால் மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரே இதைத் தன் தளமாக வைத்துக்கொண்டு ஆங்கிலேயரையும் போர்ச்சுகீசியரையும் கலங்க வைத்தார்.

நடைக்கு நேரக் கணக்கு இப்படி. வற்றம் ஒன்பதரை என்றால் எட்டரைக்குக் கிளம்புங்கள். முன்னால் ஊர்க்காரர்கள் யாராவது நடக்கிறார்களா என்று பார்த்து அதே தடத்தில் போங்கள். கால் வைக்கும் இடம் பாறையும் பாசியும் கலந்து கிடக்கும். கோட்டைக்குள் ஒரு மணி நேரம் போதும். ஒன்பதரைக்கு, அதாவது கடல் முழுக்க இறங்கி நிற்கும் நேரத்துக்கே வெளியே வர ஆரம்பியுங்கள். மிகத் தாமதம் என்றால் பத்தேகால். அந்த ஒரு மணி நேரத்தை ஒருவர் போனில் அலாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஏற்றம் முதல் ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் வரும், அது ஆளை ஏமாற்றும். மூன்றாவது, நான்காவது மணியில்தான் தண்ணீர் வேகமாக ஏறும். தாமதமாகிவிட்டால் நடந்து கடக்க முயலாதீர்கள். குதிரை வண்டியோ படகோ வரும், இல்லையென்றால் கோட்டைக்குள்ளேயே அடுத்த வற்றம்வரை உட்கார்ந்திருங்கள். பசிக்கும், அவ்வளவுதான்.

உள்ளே நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பது நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிலும் உப்புக் கடல். நடுவே ஒரு கிணற்றில் குடிக்கிற தண்ணீர். சுவரின் கல்லைக் கவனியுங்கள். சுண்ணாம்பு பூசாமல் பெரிய பெரிய கல்லை வெறுமனே அடுக்கியிருக்கிறார்கள். அலை அடிக்கும்போது இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வேகம் குறைந்து வெளியே வருகிறது. முன்னூறு வருஷத்துக்குமேல் சுவர் நிற்கிறது. பக்கத்தில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வற்றம் பார்த்து வந்து கும்பிட்டுப் போவார்கள்.

மதியத்துக்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம் கரையில் நடக்கலாம். அன்று ஏற்றம் மூன்றரை, நாலரையை ஒட்டி இருக்கும் என்பதால் சூரியன் மறையும் நேரத்தில் கடல் இறங்கிக்கொண்டிருக்கும். ஈர மணல் கண்ணாடி போல வானத்தைக் காட்டும்.

சாப்பாடு

இதற்கென்று ஓட்டல் தேட வேண்டாம், வாடி வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். சுர்மை என்பது நம் வஞ்சிரம், எங்கள் பக்கம் சீலா. பாப்லெட் என்பது வாவல். பாங்டா என்றால் அயிலை. ஜிதாடா என்று ஒன்று இந்தப் பக்கம் பெயர் பெற்றது, அது நம் கொடுவா. கிடைத்தால் விடாதீர்கள். ரவையில் புரட்டி வறுத்த பொம்பிலை முதல் தடவை சாப்பிடுபவர்களுக்கு அது மீன் என்றே நம்பிக்கை வராது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். கூடவே அரிசி மாவில் தட்டிய பாக்ரி வரும். கடைசியில் ஒரு டம்ளர் சோல்கடி. கோகம் புளியும் தேங்காய்ப் பாலும் சேர்த்தது. கோகம் நம் குடம்புளிக்குச் சொந்தம்தான், பானத்தின் நிறம் மட்டும் இளஞ்சிவப்பு.

மீன் சாப்பிடாதவர்களுக்கு முதல் நாள் ராத்திரியே சொல்லி வையுங்கள். பருப்பு, வாழைக்காய், தேங்காய் போட்ட காய்கறி எல்லாம் அருமையாகச் செய்வார்கள். எங்களுக்குச் சமைத்த மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா), கூட வந்த மயிலாடுதுறைத் தங்கை சைவம் என்று தெரிந்ததும் தனியாக உகடீச்சே மோதகம் செய்து, மேலே நெய் ஊற்றி, “கா போரி, கா” என்று கையில் கொடுத்தார். சாப்பிடு மகளே என்று அர்த்தம். நம் வீட்டுப் பூரணக் கொழுக்கட்டையேதான். அந்தத் தங்கை அன்று ராத்திரி அம்மாவுக்கு அரை மணி நேரம் போன் பேசினாள்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்

இதை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். 2016 பிப்ரவரியில் முருட் கடற்கரையில் புனேவிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். காஷித்திலும் உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே கரை சட்டென்று சரிவாக இறங்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது அலை திரும்பிப் போகிற இழுப்பில் காலடி மணல் கரையும், அடுத்த எட்டில் கால் தரையில் படாது.

எங்கள் குழுவில் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். கடல் இறங்கும் நேரத்தில் யாரும் முழங்காலுக்குமேல் போவதில்லை. ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரமும், உச்சம் வந்து நிற்கும் நேரமும்தான் குளிப்பதற்கு, அதுவும் இடுப்புவரைதான். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் ஜோடி ஜோடியாக இருப்பார்கள். ஒருவர் எப்போதும் கரையில் நின்று தலையை எண்ணுவார், அரை மணிக்கு ஒருவர் மாறுவார். குடித்தவர் அன்று தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. இருட்டியபின் யாருக்கும் கடல் இல்லை. நண்பர்கள் கூடும்போது இப்படிச் சொல்வது கடுமையாகத் தெரியலாம். நான் சொல்லிவிடுவேன், கோபித்துக்கொண்டவர்கள் மறுநாள் சரியாகிவிட்டார்கள்.

இறங்குவதற்கு முன் பத்து நிமிஷம் நின்று கடலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும்போது நடுவே ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிப் போகிறது. பார்க்கச் சாதுவாக இருப்பதால்தான் எல்லோரும் அங்கேயே போய் நிற்கிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது, களைத்துப்போவீர்கள். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். ஒருவர் மாட்டினால் கையைக் கோத்துக்கொண்டு எல்லோரும் இறங்காதீர்கள். மிதக்கும் எதையாவது தூக்கிப் போடுங்கள், பிளாஸ்டிக் கேன், மூடிய காலித் தண்ணீர்ப் பாட்டில் என்று எதுவானாலும் சரி. 112க்கும், கடலோரக் காவல்படையின் 1554க்கும் போன் செய்யுங்கள். ஆம்புலன்சுக்கு 108.

கார் கொண்டு போனவர்கள் மணலில் இறக்க வேண்டாம். இறுகிய மணல் என்று நம்பி இறக்கிய வண்டிகளை ஏற்றத்தில் கயிறு கட்டி இழுப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு: காஷித், ஜஞ்சிரா

காலை ஏழுக்கே கிளம்பினால் இரண்டையும் பார்க்கலாம். முருட் போகும் எஸ்.டி. என்கிற அரசு பஸ் ரேவ்தண்டா, காஷித் வழியாகப் போகும். ஆறு பேர் என்றால் வண்டி பேசிக்கொள்வது நல்லது, ஏனென்றால் திரும்பும்போது படகு நேரத்துக்கு வர வேண்டும். ரேவ்தண்டா கழிமுகத்தைப் பாலத்தில் கடந்ததும் வலது பக்கம் மலைமுனையில் கோர்லாய் கோட்டை தெரியும். போர்ச்சுகீசியர் கட்டியது. அவர்கள் போய் இருநூற்றைம்பது வருஷத்துக்குமேல் ஆகியும், கீழே கோர்லாய் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் போர்ச்சுகீசியமும் மராத்தியும் கலந்த ஒரு தனி மொழியை வீட்டில் பேசுகிறார்கள். வேறு ஊரில் வந்து தாய்மொழியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற நமக்கு அந்த ஊரைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தத் தோன்றும். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்.

முதலில் முருட்டைத் தாண்டி ராஜ்புரிக்குப் போய்விடுங்கள், ஜஞ்சிராவுக்குக் கூட்டம் சேருமுன். அங்கிருந்து பாய்மரப் படகு. இயந்திரச் சத்தம் இல்லாமல் காற்றில் போவதே ஒரு சுகம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்தி என்ற இனத்தவரின் கோட்டை இது. சிவாஜியும் சம்பாஜியும் முயன்றும் பிடிக்க முடியவில்லை. 1948ல் இந்தியாவோடு சேரும்வரை ஜஞ்சிரா சமஸ்தானத்தை அவர்களே ஆண்டார்கள். நெருங்கிப் போகும்வரை வாசல் எங்கே என்றே தெரியாது, வெறும் சுவர்தான் தெரியும். படகு சுவரை முட்டப் போகிறது என்று நினைக்கும்போது வாசல் திறந்துகொள்ளும். படகிலிருந்து படிக்குத் தாவுவதுதான் சிரமம். அலை படகைத் தூக்கும் நொடியில் கால் வைக்க வேண்டும். வயதானவர்கள் வந்திருந்தால் முன்னும் பின்னும் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மூடுவார்கள், ஞாயிறு என்பதால் நமக்குச் சிக்கல் இல்லை.

திரும்பும் வழியில் காஷித். மணல் வெளுத்து, சவுக்குத் தோப்பு நிழலோடு இருக்கும். அலிபாக்கின் சாம்பல் மணலைப் பார்த்த கண்ணுக்கு வேறு கடல் போலத் தெரியும். நண்பகலுக்குமேல் கடல் ஏறிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன கட்டுப்பாடெல்லாம் இங்கேதான் மிக முக்கியம். காலை நனைத்துக்கொண்டு இளநீர் குடித்துவிட்டு வந்தாலும் போதும், காஷித் கண்ணுக்குத்தான்.

திரும்புவது

கேட்வேக்குக் கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும், நேரத்தைச் சனிக்கிழமை இறங்கும்போதே மாண்ட்வாவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காஷித்திலிருந்து மாண்ட்வாவுக்கு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தைய படகுக்குத் திட்டமிடுங்கள். அது போனாலும் ரோ-ரோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிப்ரவரிக்குமேல் போகிறவர்கள் ரோட்டோரத்தில் சடை சடையாகப் பின்னித் தொங்கவிட்டிருக்கும் அலிபாக் வெள்ளை வெங்காயத்தை வாங்கி வாருங்கள். காரம் குறைவு, இனிப்பு. புவிசார் குறியீடு பெற்றது. அறையில் ஆணியில் மாட்டி வைத்தால் பல நாள் கெடாமல் இருக்கும். எங்கள் அறைச் சமையற்கட்டில் இப்போதும் ஒரு சடை தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர், அடுத்த சதுர்த்திச் சனிக்கிழமையைச் சுற்றிப் பென்சில் வட்டத்தோடு.